தகுதி இல்லை

"உங்க மகனுக்குத் தகுதி இல்லைம்மா."

கறார் மேடம் பேனாவை மூடி வைத்தார். அந்த அலுவலகத்துக்கு வந்து போகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் அது. தடம் மாறிப் போகிற பிள்ளைகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் உதவி உண்டா, இல்லையா என்று முடிவு செய்கிற மேசை அவருடையது.

எதிரே இருந்த அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"தகுதி இல்லையா? என் பிள்ளைக்கா?"

ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற வேலை அவளுக்கு. பதினாறு வயது மகனுக்கு முடி வெட்டி, சட்டைக்கு மொடமொடவென்று இஸ்திரி போட்டு அழைத்து வந்திருந்தாள். வாசல் பலகையில் 'தகுதி நிர்ணயப் பிரிவு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் பாவம், அவள் என்ன செய்வாள்? ஸ்கூல் சீட்டுக்கு நேர்காணல் மாதிரி நினைத்துக்கொண்டாள்.

"இதைப் பாருங்க மேடம். ஓட்டப் பந்தயத்துல முதல் பரிசு."

"எப்ப வாங்கினது?"

"அஞ்சாங்கிளாஸ்ல."

பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்திருந்த உதவியாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். பையன் மேசைக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்திரி வீட்டுக்கு வந்துடுவானா?"

"இருட்டுறதுக்குள்ள வந்துடுவான்."

"யார்கூடப் பழகுறான்?"

"எல்லாம் நல்ல பசங்க."

"உங்ககிட்ட எப்படி?"

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டான். தங்கம்."

"தங்கத்துக்கு இங்க என்ன வேலை? கூட்டிட்டுப் போங்க."

உதவியாளனுக்கே சுருக்கென்றது. பெற்றவளிடம் இப்படியா பேசுவது?

"வாரா வாரம் ஒருத்தர் வீட்டுக்கு வந்து அவன்கிட்டப் பேசுவாராமே மேடம். தொழில் பயிற்சியிலும் சேர்த்து விடுவீங்களாமே. அது கிடைக்கலைன்னா..."

"கிடைக்கலைன்னா?"

"ஒண்ணுமில்லை."

"அப்ப தகுதி இல்லை."

அவள் சான்றிதழ்களைப் பையில் திணித்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காருங்க."

"அதான் இல்லைன்னுட்டீங்களே, இன்னும் எதுக்கு உட்காரணும்?"

"நான் இன்னும் கேட்டு முடிக்கலை."

வெளியே வரிசை முணுமுணுத்தது. மேசை மணியை அடித்தால் அடுத்த ஆள் உள்ளே வரலாம். கறார் மேடம் மணியைத் தொடவில்லை.

"கதவைச் சாத்துப்பா," என்றார் உதவியாளனிடம்.

அவன் கதவைச் சாத்திவிட்டு வரும்போது மனசு கேட்காமல் குனிந்தான்.

"அம்மா, அவங்க எதிர்பார்க்கிறது என்னன்னா..."

"நீ சும்மா இரு. சொல்லிக் கொடுத்துச் சொல்ல வச்சா செல்லாது." அவர் அம்மாவிடம் திரும்பினார். "ராத்திரி வீட்டுக்கு வந்துடுவானா?"

"சொன்னேனே!"

"மறுபடி சொல்லுங்க."

"வந்துடுவான்."

"வந்துடுவானா?"

"வர மாட்டான் மேடம்!"

அதுவரை பூசி மெழுகியதெல்லாம் ஒரே நொடியில் உதிர்ந்தது.

"யாரோ கார்ல வந்து கூட்டிட்டுப் போறாங்க. என்ன செய்யிறாங்கன்னு தெரியாது. கேட்டா சுவத்தைக் குத்துறான், சாமானைத் தூக்கி எறியிறான். அவன் வர்ற சத்தம் கேட்டா சின்னவளைக் கூட்டிட்டு சமையல் ரூமுக்குள்ள போய்த் தாழ் போட்டுக்கறேன். பெத்த பிள்ளையைப் பார்த்து எனக்கே பயமா இருக்கு. போதுமா?"

பையன் முதல் முறையாகத் தலையைத் தூக்கினான்.

"எலித் தொல்லைன்னுதானேம்மா தாழ் போடுறதா சொன்னே?"

அவள் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

கறார் மேடம் மளமளவென்று எழுதினார்.

"தகுதி இருக்கு. ஆலோசகர் இன்னைக்குச் சாயங்காலமே வருவார்." பையனைப் பார்த்தார். "வீட்டுல இருப்பியா?"

"இருக்கேன்."

இருவரும் போன பிறகு உதவியாளனால் பொறுக்க முடியவில்லை.

"ரெண்டு வரி நீங்களே எழுதியிருக்கலாமே மேடம். பிள்ளை முன்னாடியே அந்தம்மாவை எல்லாத்தையும் கொட்ட வச்சுட்டீங்க."

"நான் எழுதிடுவேன். நாளைக்கு வீட்டுக்குப் போய் விசாரிச்சா, அந்தம்மா திரும்பவும் தங்கம்னு சொல்லும். எல்லாம் ரத்தாயிடும்."

"இருந்தாலும், கொஞ்சம் இதமாப் பேசியிருக்கலாம்."

கறார் மேடத்தின் கை மணிப் பக்கம் போய், அப்படியே நின்றது.

"எனக்கு ஒரு அண்ணன் இருந்தான்பா. எங்கம்மாவும் அவனை இந்த ரூமுக்குத்தான் கூட்டிட்டு வந்தாங்க. இதே மாதிரி தங்கம் தங்கம்னுதான் சொன்னாங்க."

"அப்புறம்?"

"அப்ப இங்க இருந்தவர் ரொம்ப இதமானவர். எங்கம்மாவை ஒரு கேள்வி கேட்டுச் சங்கடப்படுத்தலை. தகுதி இல்லைம்மான்னு சிரிச்ச முகமாச் சொல்லிட்டு, மணியை அடிச்சுட்டார்."