வீடு தேடி வந்த சார்

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். சமையற்கட்டுக் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்சவள்ளிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பேர் அனுப்பும் நாள் நெருங்கிவிட்டது. அப்பா பெரியதம்பியோ, "பொட்டப் புள்ள படிச்சது போதும்" என்று ஒரு மாதமாக ஒற்றைக் காலில் நின்றார். அவரையே மசிய வைத்துவிட்டாரே கணக்கு வாத்தியார் சீனுவாசன்!

"நீங்க சொன்னா சரிதாங்க சார்," என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.

சார் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விழுப்புரத்திலிருந்து திருவாமாத்தூருக்குச் சைக்கிள் மிதித்து அவர் வருவது இது மூன்றாம் முறை. அம்மா வறுத்த மல்லாட்டைக் கடலையைப் பையில் கட்டிக் கொடுத்தாள்.

"கணக்க நெனச்சு இனிமே நீ பயப்படவே வேணாம்மா," என்றார் சார், அம்சவள்ளியிடம். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வருஷம் வரை இந்த மனுஷனா இப்படி? பிரம்பில்லாமல் வகுப்புக்குள் நுழைய மாட்டார். "மாடு மேய்க்கப் போ" என்பதுதான் கடைசி பெஞ்சுக்கு அவர் நடத்திய ஒரே பாடம். எண்பத்தைந்தாம் வருஷப் பரீட்சையில் ஒன்பது பேர் கணக்கில் கோட்டை விட, தலைமையாசிரியர் அவரை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். "இந்த வருஷம் பரீட்ச எழுதுற அத்தன பேரும் பாஸாவணும். இல்லன்னா வேற ஊரு பாத்துக்குங்க!"

கோடை லீவில் சாரைப் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மந்தமான பிள்ளைகளை அடிக்காதீர்கள், வீட்டுக்கே போய்ப் பெற்றவர்களிடம் பேசுங்கள் என்று அங்கே சொன்னார்களாம். திரும்பி வந்தவர் பிரம்பைத் தொடவே இல்லை.

முதலில் வளவனூரில் கடைசி பெஞ்சு ஜெயத்தின் வீட்டுக்குப் போனார். ஆனால் அடுத்த மாதமே ஜெயத்தை மெட்ராஸுக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள், பாவம். கடைசி பெஞ்சில் அம்சவள்ளி மட்டும் மிஞ்சினாள். சார் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்.

வந்தவர் அவளுக்கு ஒரு கணக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அப்பாவோடு பேசிவிட்டுப் போய்விடுவார். இருந்தாலும் தன்னையும் ஒரு பொருட்டாக நினைத்து ஒரு வாத்தியார் வீடு தேடி வந்தாரே! அதுவே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. விடியுமுன் எழுந்து கணக்குப் போட்டாள். புரியாததை மனப்பாடம் செய்தாள். செய்யச் செய்ய, கொஞ்சம் கொஞ்சமாகப் புரியவும் ஆரம்பித்தது.

அப்பா கையெழுத்துப் போட்ட அந்த வார வெள்ளிக்கிழமை அரையாண்டு விடைத்தாள் கொடுத்தார்கள். காலாண்டில் பதினொன்று வாங்கியவள் நாற்பத்திரண்டு வாங்கியிருந்தாள். சார் அவள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை கூட்டிப் பார்த்தார். "ம்" என்று நீட்டினார். சந்தோஷத்தில் மனுஷனுக்குப் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு ஓடினாள். வாசலில் அம்மா பட்டுப்புடவையோடு காத்திருந்தாள்.

"ஜல்தியா மூஞ்சி கழுவிக்கினு வா. திண்டிவனத்துலேர்ந்து பொண்ணு பாக்க வந்துகினு இருக்காங்க. தை மாசமே கல்யாணம்."

அம்சவள்ளி விடைத்தாளை நீட்டினாள். "நான் கணக்குல பாஸும்மா! நான் பரீட்ச எழுதணும்!"

"எழுதி கலெக்டராவப் போறியா?" என்றபடி அப்பா வெளியே வந்தார்.

"எங்க சாரு உடமாட்டாரு! இப்பவே போய் அவராண்ட சொல்றேன். வந்து உங்கள நாலு கேள்வி கேப்பாரு பாருங்க!"

பெரியதம்பிக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"அட பைத்தியமே, அன்னிக்கு அவரு கையெழுத்து வாங்கினதே உன்ன பள்ளிக்கூடத்துலேர்ந்து நிறுத்தத்தான். அந்த மாப்பிள்ளய இட்டாந்ததே உங்க சாருதான்!"