ஏழாவது தலை

எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் காந்த ஏற்புத்திறனைக் கணக்கிட்டு, எங்கே எவ்வளவு இரும்பு படிந்திருக்கிறது என்று எழுதித் தருவது என் வேலை. செட்டிங்கை மாற்றினால் எண்ணும் மாறும். ஓரத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெட்டினால் ஒன்று வரும், படத்தை மங்கலாக்கினால் வேறொன்று வரும். எவ்வளவு மாறுகிறது என்று, கையிலிருக்கும் படங்களில் பத்துத் தலைகளை எடுத்துப் பார்க்கச் சொல்லியிருந்தார், ஆறு வருடமாக என்னை 'ஏய்' என்று மட்டுமே கூப்பிடும் டாக்டர்.

ஏழாவது தலை மட்டும் என்ன செய்தாலும் 112 என்றே காட்டியது.

"சோம்பேறித்தனத்துல ஒரே நம்பரைப் போட்டு நிரப்பிட்டியா?" என்று என்னை எழுப்பிவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார் டாக்டர். படத்தை மங்கலாக்கினார். 112. ஓரத்தை வெட்டினார். 112. ஆத்திரத்தில் மூளை முழுவதையும் வெட்டி எறிந்தார். திரை கறுப்பானது. கணக்கிட அங்கே ஒன்றுமே இல்லை. 112.

"யாரோட தலை இது?"

"உங்களோடதுதான் சார். மெஷினைச் சோதிக்கப் போன வாரம் நீங்கதானே படுத்தீங்க."

"உளறாதே. அன்னிக்கு உன்கூடச் சண்டை போட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிட்டேன்."

சண்டை எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் போன வேகத்திலேயே அவர் திரும்பி வந்தார். வாயைத் திறக்காமல் படுத்தார். நாற்பது நிமிடம் அசையவில்லை. முடிந்ததும் எழுந்து, என் கையைப் பிடித்து, என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்.

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.