சாமி குத்தம்

பிள்ளையார் பொம்மைக்கு வண்ணம் பூசும் பெண்களுக்கு, வீட்டுக்குத் தூரமாகும் மூன்று நாளும் சம்பளத்தோடு விடுப்பு. அந்தப் பீங்கான் பட்டறையின் பழைய வழக்கம் அது. புதிதாக வந்த மேனேஜர் அதை நிறுத்தினார்.

“தொண்ணூத்திமூணாம் வருஷம் பொறந்தாச்சு. இன்னுமா தீட்டு? அந்தக் காலத்துத் தப்பெல்லாம் இப்ப தப்பில்லம்மா.”

“காலம் மாறும். சாமி மாறுமாங்க சார்?” என்றாள் பெண்களில் மூத்தவள். “தீட்டோட நாங்க கண்ணு வரைஞ்சா சாமி குத்தம். உங்க வூட்டுல பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க. எதுக்கு வம்பு?”

அந்த நிமிஷமே விடுப்பு திரும்பக் கிடைத்தது.

வெளியே வந்ததும் பெண்கள் சிரித்துக்கொண்டே அவளைச் சூழ்ந்தார்கள்.

“பிலோமினாக்கா, ஞாயித்துக்கிழமை பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

“பொய் சொன்னேன்னு சொல்லிட்டு வரேன். எங்க கோயில்ல அது இன்னும் தப்புதான்.”