ஹாங் ஜி

நான் வேன் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே சொர்ணம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் துணிப்பை. அவரைக் கப்பல் ஏற்றிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள்.

எங்கள் தீவில், பாம்பூஃப்ளாட் ஊரில் இருக்கிற இந்த முதியோர் இல்லத்தில் ஐந்து வருடமாக அவரைக் குளிப்பாட்டி, தலை சீவி, சோறு ஊட்டுகிற ஆயா நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது கிடக்கட்டும், அவரையாவது ஒழுங்காகக் கேட்டார்களா?

"அரே ஜெயராணி, ஹட் ஜாவ்! ஃபெர்ரி சூட் ஜாயேகா!"

சூப்பரின்டெண்ட் சுதாகர் சார்தான். நகரு, ஃபெர்ரி போய்விடும் என்கிறார். ஃபெர்ரியில் சாத்தாம் படகுத்துறைக்குப் போய், அங்கிருந்து சென்னைக் கப்பல் நிற்கிற இடத்துக்குப் போக வேண்டும். எனக்குத் தெரியாதாக்கும்!

அவரும் தமிழர்தான். வீட்டில் மனைவியிடம் தமிழில் சண்டை போடுகிறவர்தான். ஆபீஸ் வாசலில் கால் வைத்தால் வாயில் இந்தி வந்துவிடும். இந்தத் தீவில் எல்லாருக்கும் இருக்கிற வியாதி அது. பெங்காலியிடமும் மலையாளியிடமும் பேசிப் பேசி, எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்றே பார்ப்பதில்லை.

போன வாரமும் அப்படித்தான், சொர்ணம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து இந்தியில் கேட்டார். சென்னையிலிருந்து மகன் கூப்பிடுகிறான், போகிறீர்களா என்று.

"ஹாங் ஜி" என்றார் சொர்ணம்மா. ஆமாங்க என்று அர்த்தம். அவ்வளவுதான், டிக்கெட் போட்டாகிவிட்டது.

அவர் எதற்குத்தான் ஹாங் ஜி சொல்லவில்லை? டீ வேணுமா என்றால் ஹாங் ஜி. டீ தீர்ந்துவிட்டது என்றாலும் ஹாங் ஜி. டாக்டர் வலிக்கிறதா என்றாலும், வலி போய்விட்டதா என்றாலும் அதே ஹாங் ஜி. இலங்கை மலையிலிருந்து வந்து கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிய மனுஷி. பாவம், பாஷை புரியாமல் தலையாட்டித் தப்பித்துக்கொள்கிறார்.

இல்லத்தில் சிலருக்கு அது விளையாட்டு. நீங்கள்தான் கப்பல் கேப்டனா என்று இந்தியில் கேட்பார்கள். அதற்கும் ஹாங் ஜி. எல்லாரும் சிரிப்பார்கள்.

அந்தக் கேள்வியை இப்போது சார் முன்னால் நான் கேட்டால் போதும். சொர்ணம்மாவுக்கு இந்தி புரியாது என்று ஒரே நொடியில் காட்டி ஜெயித்துவிடலாம். மாட்டேன். அவரைக் கேலிப்பொருளாக்கி வருகிற ஜெயம் எனக்கு எதற்கு?

மகன் அன்பழகனிடமிருந்து வருடக்கணக்காக ஒரு போன் கிடையாது. இப்போது திடீரென்று அம்மா வேண்டுமாம். அங்கே ஒரு மூலையில் போட்டுவிடுவான்.

"சார், தமிழ்ல ஒரே ஒரு தடவை கேளுங்க. அவங்க வாயால வரட்டும். இங்கயே இருக்கேன்னு சொன்னா, இறக்கி உள்ள கூட்டிட்டுப் போயிருவேன். என்னை வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி."

டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

சார் என்னை முறைத்துப் பார்த்தார். நான் அசையவில்லை. கடைசியில் அவரே வேனுக்குள் குனிந்தார்.

"அம்மா, உங்க பையன் கூப்பிடுறார். போறீங்களா, இங்கயே இருக்கீங்களா?"

சொர்ணம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"போறேன்" என்றார்.

பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டார்.

"யோசிச்சுத்தான் புள்ள போன வாரமே சொன்னேன். ரப்பர் தோட்டத்துல காலம் பூரா இந்திக்கார மேஸ்திரிகிட்ட மல்லுக்கட்டுனவ நான். எனக்கா இந்தி புரியாது?"

"அப்ப டீக்கெல்லாம் ஹாங் ஜி சொன்னது?" என்றேன்.

"வேணாம்னா மட்டும் கேட்டுக்குவாங்களா? அதுக்குப் போயி யாரு வாய நோகடிக்கிறது? இது எம்மவன் விசயம். அவனக் கேக்க வேண்டியது நெறைய இருக்கு. போன்ல கேட்டா வச்சிருவான். நேருலதான் கேக்கணும்."

ஐந்து வருடம் அவர் தலையைச் சீவிவிட்டிருக்கிறேன். இந்தி தெரியுமா என்று ஒரு நாள் கேட்டதில்லை. சாராவது அவரைப் போகிறீர்களா என்று கேட்டார். நான் அதையும் கேட்கவில்லை.

போகாதீங்க என்று கத்த வேண்டும்போல இருந்தது. முழுங்கிக்கொண்டேன்.

சார் கையிலிருந்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். மேல் பங்க்! முட்டி மடங்காத மனுஷிக்கு, ஏணியில் ஏறிப் படுக்கிற மேல் பங்க்! கோபம் மறுபடியும் தலைக்கேறியது.

"சார், இவங்களுக்குக் கீழ் பங்க்தான்..." என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேனுக்குள் தலையை நீட்டினேன்.

"அம்மா, மேல படுக்கிற பங்க் போட்டிருக்காங்க. உங்களுக்கு எது வேணும்?"

சொர்ணம்மா அவசரப்படவில்லை. நெற்றியைச் சுருக்கி யோசித்தார்.

"கீழ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கடல் தெரியிற பக்கமா கெடைக்குமான்னு கேளு" என்றார்.

இத்தனை வருடத்தில், எனக்கு இது வேணும் என்று அவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கப்பலையே நிறுத்த வேண்டியிருந்தாலும் சரி என்று சார் பக்கம் திரும்பினேன்.