வெள்ளைப் பூ வந்தால்

“சாமி வெள்ளப்பூக் குடுத்துச்சுன்னா ஆப்ரேசன்தானுங்க. அப்புறம் நீங்க குறுக்க ஒரு வார்த்த பேசக்கூடாது” என்றாள் மைதிலி. கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் விறைப்பாக இருந்தது.

“செவப்பு வந்துச்சுன்னா?” என்று கேட்டார் தங்கசாமி.

“வந்தாப் பாத்துக்கலாங்க.” முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருவருக்கும் நடுவே, வாசல் நந்தியாவட்டைச் செடியின் நிழலில் அவர்கள் வீட்டு நாய் டைசன் படுத்திருந்தது. பதிமூன்று வயது. இருதயம் வீங்கி, சிறுநீரகம் பழுதாகி, பின்னங்கால் இரண்டும் இப்போது சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. இட்லிக்குள் மாத்திரையை ஒளித்துக் கொடுத்தால், இட்லியைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் துப்பும் சாமர்த்தியம் போன மாதம் வரை இருந்தது. இந்த வாரம் இட்லியே இறங்கவில்லை.

வயிற்றில் கட்டி. நாமக்கல் டாக்டரம்மா ரஞ்சிதா எதையும் ஒளிக்கவில்லை. “அறுத்து எடுக்கலாங்க. ஆனா இந்த இருதயம் மயக்க மருந்தத் தாங்குமான்னு சொல்ல முடியல. தாங்குனாலும் ரெண்டு மூணு மாசம்தான், அதுவும் வலியோட. வேண்டாம்னா வலிக்கு மருந்து தர்றேன், வீட்லயே இருக்கட்டும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள சொல்லுங்க.”

தங்கசாமிக்கு முடிவு அப்போதே தெரிந்துவிட்டது. அதை மைதிலியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. எடப்பாடிச் சந்தையிலிருந்து இதைக் குட்டியாகச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தவன் மகன் இளஞ்செழியன். பைக்கில் போன அவன் லாரியில் அடிபட்டுச் செத்து ஆறு வருஷம் ஆகிறது. அவன் விட்டுப்போனவற்றில் மூச்சு விடுவது இது ஒன்றுதான். இதையும் போக விடு என்று பெற்றவளிடம் எந்த வாயால் சொல்வது?

மனசு ஒரு முடிவுக்கு வராதபோது பூ கேட்பது அவர்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்தால் பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் விடு. கல்யாணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள், கிணறு வெட்டக் கேட்டிருக்கிறார்கள்.

“நாய்க்குப் பூவான்னு பூசாரி சிரிப்பாரு புள்ள.”

“சிரிச்சாச் சிரிக்கட்டுங்க” என்று எழுந்து கிணற்றடிப் பக்கம் போனாள்.

தங்கசாமி டைசனின் முதுகைத் தடவிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் நந்தியாவட்டை கிளை தெரியாமல் வெள்ளையாகப் பூத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மைதிலி கிணற்றடியிலிருந்து வந்தாள். முந்தானையில் வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலம். சேலை மாற்ற உள்ளே போனாள்.

அந்த இடைவெளி போதுமானதாக இருந்தது. தங்கசாமி கிணற்றடிக்கு ஓடினார். செவ்வரளி பறித்தார். அதே மாதிரி இலை, அதே மாதிரி நார், இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு. வேட்டி மடியில் செருகிக்கொண்டார்.

கருப்பண்ணசாமி கோயில் குழாயடியில் கால் கழுவும்போது, “இதப் புடிங்க” என்று மைதிலி பொட்டலங்களை அவரிடம் நீட்டினாள். அவள் கட்டியது மடிக்குப் போயிற்று. மடியில் இருந்தது தட்டுக்கு வந்தது. ஐம்பத்தெட்டு வயதில் முதல் திருட்டு, அதுவும் கருப்பண்ணசாமியின் கண்ணெதிரிலேயே.

பூசாரி சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துப் பிரித்தார். செவ்வரளி.

“சரிங்க சாமி” என்றாள் மைதிலி. அவ்வளவுதான். இன்னொன்றையும் பிரிக்கச் சொல்வாளோ என்று தங்கசாமி பயந்தார். அவள் கேட்கவில்லை.

மத்தியானம் அவரே டாக்டருக்குப் போன் போட்டார். “ஆப்ரேசன் வேண்டாங்க டாக்டரம்மா. ஊட்லயே இருக்கட்டும்” என்றார்.

சாயங்காலம் வலி மருந்து வேலை செய்தது. டைசன் பல நாளைக்குப் பிறகு முனகாமல் படுத்திருந்தது. மைதிலி விரலில் தொட்டு வைத்த தயிரை இரண்டு நக்கு நக்கியது. அவள் அதன் காதை நீவிக்கொண்டே, “சாமியே சொல்லிருச்சு. நாம என்னங்க பண்ண முடியும்?” என்றாள்.

தங்கசாமியால் அதைத் தாங்க முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார்.

“சாமி சொல்லல புள்ள, நாந்தான் சொன்னேன். தட்டுல வெச்ச ரெண்டுலயும் செவப்புதான். இது ராத்திரியெல்லாம் மொனகறத என்னால கேக்க முடியல. உன்ற வெள்ளப்பூ சாமிகிட்டப் போகவே இல்ல.” மடியிலிருந்து அவள் கட்டிய பொட்டலங்களை எடுத்தார். “இந்தா, நீயே பாரு.”

ஒன்றைப் பிரித்தார். வாடிய செவ்வரளி. அப்படியானால் வெள்ளை இன்னொன்றில் இருக்க வேண்டும். அதன் நார் இறுகிப்போய் அவிழவில்லை. மைதிலி அதை வாங்கி மெல்ல அவிழ்த்தாள்.

அதிலும் செவ்வரளி.

தங்கசாமி நிமிர்ந்து பார்த்தார். அவள் டைசனின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நாள் முழுக்க அடக்கியது அப்போதுதான் உடைந்தது.

“நந்தியாவட்டச் செடிகிட்ட நான் வரவே இல்லீங்களே மாமா.”