சிவப்புக் கோடு

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளைத் தொலைக்காட்சித் திரைமேல் கோடு கோடாகப் படுக்க வைத்திருக்கிறது. மொட்டைமாடியில் இருக்கும் டிஷ் தட்டைப் பார்த்துவிட்டு இறங்கி வந்த டிஷ்காரர், சோபா நுனியில் உட்கார்ந்து ரிமோட்டை அமுக்குகிறார். "தட்டுல கோளாறு இல்லம்மா. நெட்டுல படம் பாக்குற உங்க கணக்குல வேற யாரோ மொபைல்ல பாக்குறாங்க. அதான் இங்க நின்னு நின்னு போகுது." அடுப்படி வாசலில் ஈரக்கையோடு நிற்பவளுக்கு அது வேற யாரோ இல்லை. அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு போன மூத்த மகன் இரண்டு வருடமாக யார் கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. ஆனால் பாதி பார்த்த படங்களின் வரிசையில், எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டப் படத்துக்கு அடியில் ஓடும் சிவப்புக் கோடு தினமும் கொஞ்சம் நீள்கிறது. கோடு நீண்ட நாளில்தான் அவளுக்குச் சோறு இறங்குகிறது. "எவனோ ஓசியில பாக்குறான், தூக்கி விடுங்க," என்கிறார் நாற்காலியில் சாய்ந்திருக்கும் கணவர். "பாத்துட்டுப் போகட்டுமே," என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் டிஷ்காரர் பொத்தானை அமுக்கிவிடுகிறார். புது பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதித் தொலைக்காட்சிக்கு அடியில் செருகிவிட்டு, "இனிமே தொந்தரவே இருக்காதும்மா," என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார். படம் இப்போது தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. அவள் கையை முந்தானையில் துடைக்கிறாள். காய்ந்த பிறகும் துடைக்கிறாள். "நம்ம பெரியவன்தாங்க அது." கணவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்."