கன்னத்து வரிகள்

மறுபடியும் கோடு விழுந்தது.

பேட்டையில் பிரிண்டிங் கடை வைத்திருக்கும் பெருமாள்ராஜுக்கு மெஷினைத் தூக்கி வாய்க்காலில் போட்டுவிடலாம் போல வந்தது. கறுப்பு வெள்ளையில் குழந்தையின் முகம் அழகாகத்தான் வந்திருந்தது. இடது கன்னத்தில் மட்டும் நூல் பிடித்த மாதிரி மெல்லிய வரிகள்.

எதிரே ஸ்டூலில் இசக்கிச்செல்வி உட்கார்ந்திருந்தாள். போன மாதம் இறந்துபோன அவளுடைய கைக்குழந்தையின் படம் அது.

இருப்பதே இது ஒன்றுதான். பச்சைப்பிள்ளையைப் படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று மாமியார் பிள்ளை பக்கத்தில் போனையே விடவில்லை. இவள் மறைவாக ஒன்று எடுத்தாள். அன்றைக்கே பிள்ளை போய்விட்டது. படம் எடுத்தே கொன்றுவிட்டாள் என்று ஊரே பேசியது. அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

துபாயிலிருந்து புருஷன் சாயங்காலம் வருகிறான். முதலாளி இப்போதுதான் லீவு கொடுத்திருக்கிறான். பெற்ற பிள்ளையின் முகத்தை அவன் வீடியோவில்கூடப் பார்த்ததில்லை. அவன் வாசல் ஏறும்போது படம் வீட்டில் இருக்க வேண்டும்.

கலர் மங்கலாக இருக்கிறது, கறுப்பு வெள்ளை என்றால் எடுப்பாக இருக்கும் என்று சொன்னதே பெருமாள்ராஜ்தான். இப்போது அதுவே வினையாகிவிட்டது.

மை வரும் துளைகளைச் சுத்தம் செய்தார். சோதனைத் தாள் பழுதில்லாமல் வந்தது. பேப்பரை மாற்றினார். கோடு போவேனா என்றது.

கடைசியில் படத்தைப் பக்கவாட்டில் திருப்பி பிரிண்ட் எடுத்துப் பார்த்தார். மெஷின் போடும் கோடு எப்போதும் தாளின் குறுக்கேதான் ஓடும். இது கன்னத்தோடு சேர்ந்து திரும்பியிருந்தது.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார். கோரைப்பாயின் வரிகள். அவருக்கு அப்பாடா என்றிருந்தது.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா. பிள்ள அசந்து உறங்கியிருக்கு, பாய்த்தடம் கன்னத்துல பதிஞ்சிருக்கு" என்றார் சிரித்துக்கொண்டே.

இசக்கிச்செல்வி எழுந்து வந்து திரையைப் பார்த்தாள்.

"உறக்கம்னுதான் நானும் நெனச்சேன், அண்ணாச்சி. குப்புறக் கெடந்தவள பைய திருப்பிப் போட்டு, எழுப்பாம எடுத்தேன். பெறகு தூக்குனப்பதான் தெரிஞ்சுது, ஒடம்பு சில்லுன்னு கெடந்தது. அவுக வாரதுக்குள்ள அந்தத் தடத்த அழிச்சிருங்க."